ஆவணி வரைக்கும் இறக்காத ஸ்டார்

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வீடு எது என்று டிசம்பர் மாதத்தில் யாரையும் விசாரிக்க வேண்டாம். நிமிர்ந்து பார்த்தாலே போதும். கூரைக்கு மேல் ஒரு மூங்கில், அதன் நுனியில் ஒரு ஸ்டார். அறுபதுகளில் நான் கல்யாணமாகி மணவாள நகருக்குப் பின்னால் இருக்கிற இந்தக் காலனிக்கு வந்தபோது கரண்ட் கிடையாது. மூங்கில் பத்தையைக் கட்டி, காத்தாடி பேப்பர் ஒட்டி, உள்ளே ஒரு சின்ன விளக்கை வைத்து ஏற்றுவார்கள். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் பேப்பர் பற்றிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு ஸ்டாராவது எரிந்து விழுந்தால்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி இருக்கும்.

பிறகு கரண்ட் வந்தது, விளக்கு போய் பல்பு வந்தது. வழக்கம் மட்டும் மாறவில்லை. டிசம்பர் பிறந்ததும் ஏற்ற வேண்டும், பொங்கலுக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேலும் தொங்கவிட்டால் தெருவே சிரிக்கும். "இன்னாமே, உங்க ஊட்ல ஏசு இன்னும் பொறக்கலியா?" என்று கேட்காத வாய் இருக்காது.

என் வீட்டுக்காரர் வெல்டர். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஷெட்டில் தொழில் கற்றுக்கொண்டு, அங்கேயே வேலை பார்த்தார். அவங்க அப்பா, தாத்தா எல்லாம் ஊரார் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள். இரும்பைத் தொட்ட முதல் ஆள் இவர்தான், அந்தத் திமிர் அவருக்குக் கொஞ்சம் உண்டு. மூங்கில் பத்தை வேண்டாம் என்று வெல்டிங் ராடை வளைத்துப் பற்றவைத்து இரும்பிலேயே ஸ்டார் செய்தார். காலனியில் இரும்பு ஸ்டார் எங்கள் வீட்டில் மட்டும்தான். அதைத் தூக்கி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், கீழே நின்று திட்ட ஒரு ஆள் வேண்டும். திட்டுகிற வேலை என்னுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குப் பாட்டு வராது. வராது என்பது அவருக்குத் தெரியாது. கோயிலில் அவர் வாயைத் திறந்தால் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இவரோ நம் பாட்டில் மயங்கித்தான் பார்க்கிறார்கள் என்று இன்னும் சத்தமாகப் பாடுவார்.

எழுபதுகளின் பின்பாதியில், எல்லாரும் போகிறார்கள் என்று இவரும் அரபு தேசம் போனார். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. அவர்கள் மதத்தைத் தவிர வேறு மதத்துக்குக் கோயிலும் கிடையாது, கூட்டமும் கிடையாது, நாலு சுவருக்குள் ஜெபம் பண்ணினாலும் குற்றம் என்கிற நாடு. இதை இவரை அனுப்பிவைத்த ஏஜெண்ட் எங்களிடம் சொல்லவில்லை. அந்த ஊர் விமான நிலையத்தில் அதிகாரிகள் பெட்டியைத் திறந்து இவருடைய பைபிளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டபோதுதான் இவருக்கே தெரிந்தது. கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியையும் கழற்றச் சொன்னார்களாம். முதல் கடிதத்தில், "சாப்பாடு பரவாயில்லை, வெயில்தான் அதிகம்" என்று எழுதியிருந்தார். பைபிள் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அப்போது காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்புச் சாமான்களின் ஓரத்தை ராவிப் பிசிறு எடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டில் மாமியார், ஐந்து வயதுப் பெண், நான். அவர் போன அடுத்த டிசம்பரில் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனைக் கெஞ்சி இரும்பு ஸ்டாரை ஏற்றினேன். பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், இறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஏஜெண்ட் வந்தான்.

அவனை அதற்கு முன் சிரித்த முகமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ஏம்மா, உன் ஊட்டுக்காரு இன்னா பண்ணி வெச்சுக்கிறாரு தெரியுமா? கேம்ப் ரூம்ல கூட்டம் போட்டு ஜெபம் பண்ணிக்கிறாரு. புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அடித்தார்களா என்று கேட்டேன். அதை அவன் காதில் வாங்கவில்லை.

"கூட யார் யார் இருந்தாங்கன்னு கேக்கறாங்க. இவரு வாயத் தொறக்கல. நான் ஒருத்தன்தான்னு சொல்றாராம். பேரைச் சொல்லிட்டா இவர உடனே ஊருக்கு ஏத்தி அனுப்பிடுவாங்க. கம்பெனிக்காரன் பேசி வெச்சுக்கிறான். நீ சொன்னா கேப்பாரு. நான் ஞாயித்துக்கெழம டேப் எடுத்துக்கினு வரேன். அதுல நீ பேசு. கொழந்தையையும் பேச வை. அழுதாலும் பரவால்ல."

அந்தக் காலத்தில் அரபு தேசத்துக்குப் போனவர்கள் வீட்டில் இது வழக்கம். எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். சமைத்தது, சண்டை போட்டது, மாடு கன்று போட்டது எல்லாம் கேசட்டில் போகும். அழுகையும் போகும். ஆனால் கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடு என்று புருஷனுக்குச் சொல்லி ஒரு கேசட் போய் நான் கேள்விப்பட்டதில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் எனக்கு வந்தது பக்தி இல்லை, கோபம். அந்த நாட்டின் மேல் கோபம். நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த அரசாங்கத்துக்கு என்ன முழுகிப் போகிறது? இந்த மனுஷன் மேல் அதைவிடக் கோபம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, போன இடத்தில் வேலையைப் பார்க்காமல் எதற்கு இந்த வம்பு? யாரோ முகம் தெரியாதவர்களுக்காக என் பெண் ஏன் அப்பன் இல்லாமல் வளர வேண்டும்? மாமியாரும் அதைத்தான் சொன்னார்.

"நாலு பேரு பேரைச் சொன்னா வாயில இருந்து முத்தா உதுந்துடும்? சொல்லச் சொல்லுமே. எம்புள்ள வந்தா போதும்."

அந்த வாரம் முழுவதும் பிசிறு எடுக்கும்போது மனசுக்குள் அதைத்தான் பேசிப் பார்த்தேன். என்ன சொல்வது, எங்கே அழுவது, குழந்தையை எப்போது பேச வைப்பது, எல்லாம் தயார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்தால் வாசலில் ஒரு பாய் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பை. பழவேற்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் கூரை மேல் இருந்த ஸ்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஸ்டாருதானா தங்கச்சி? இத மாரியேதான் அங்கயும் பண்ணாரு," என்றார்.

என் வீட்டுக்காரர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பின் சமையல்காரர் அவர். லீவில் வந்திருந்தார். ஏஜெண்ட் சொல்லாத கதையை அவர்தான் சொன்னார். வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்ததும் ஒரு ரூமில் சில பேர் கூடுவார்களாம். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, உதட்டை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே பாடுவார்களாம். புத்தகம் கிடையாது. யாருக்கு எந்த வசனம் மனப்பாடமோ அதை அவர் சொல்வார். பாய் வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு வெங்காயம் உரிப்பார். யாராவது வருவது தெரிந்தால் தட்டைக் கீழே போட வேண்டும், அதுதான் பேச்சு.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு உன் ஊட்டுக்காரு கேக்கல தங்கச்சி. ஸ்டார் இல்லாம இன்னா கிறிஸ்துமஸ்னு ராடை வளச்சு ஸ்டார் பண்ணி ரூம் உள்ள தொங்கவுட்டாரு. சரி, தொங்கட்டும். உள்ள பல்பு வேணாம்யான்னேன். பல்பு இல்லாம ஸ்டாரான்னு கேட்டாரு. ஜன்னல்ல போட்டிருந்த துணி மெல்லிசு. வெளிய மணல்ல செவப்பா வெளிச்சம் வுழுந்துது. நான் அந்த நேரம் தொழுவப் போயிருந்தேன்."

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். சிரிப்பு வந்தது. பல்பு இல்லாம ஸ்டாரா என்று அந்த மனுஷன் கேட்டிருப்பார், அதே குரலில் கேட்டிருப்பார். எங்கள் காலனி ஆள் எவனாக இருந்தாலும் கேட்டிருப்பான். உலகத்தில் வேறு எவனும் அந்த ஊரில் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

மதக் கட்டுப்பாட்டைக் கவனிக்கிற ஆட்கள் பிரம்போடு ரோந்து வந்திருக்கிறார்கள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் இவர் மற்றவர்களைக் கிச்சன் வழியாக அனுப்பிவிட்டு, பல்பைக் கழற்ற நின்றிருக்கிறார். அவ்வளவுதான். கையில் சூடான பல்போடு பிடித்துவிட்டார்கள்.

"உள்ளங்கால்ல அடிக்கிறாங்க," என்றார் பாய். அதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவுங்க பேரு தெரிஞ்சா அவுங்களையும் அடிப்பாங்களா?"

"அடிப்பாங்க. உள்ள வெப்பாங்க. வேல போயிடும்."

"உங்க பேரு தெரிஞ்சா?"

பையின் காதைத் திருகினார். "நான் முஸ்லிமு தங்கச்சி. மார்க்கத்துல இருந்துக்கினு இதுக்குக் காவல் ஒக்காந்தேன்னு தெரிஞ்சா, அவுங்களுக்கு குடுக்கறத விட எனக்கு ஜாஸ்தியாதான் குடுப்பாங்க."

"அப்புறம் ஏன் பாய் ஒக்காந்தீங்க?"

"பக்கத்துக் கட்டில்ல படுக்கிறவன் கர்த்தரே கர்த்தரேன்னு வாயப் பொத்திக்கினு அழுவறான். நான் இன்னா பண்ணட்டும்? வெங்காயம் எப்பிடியும் உரிக்கணும் இல்ல?"

அவர் எங்களிடம் எதையும் மறைக்கச் சொல்லிக் கேட்க வரவில்லை. வியாழக்கிழமை திரும்பி அதே கேம்ப்புக்குப் போகிறார். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள், போகாமல் முடியாது. "ஏஜெண்ட் டேப்பு எடுத்துக்கினு வரான்னு கேள்விப்பட்டேன். நீ உனக்குத் தோணினத பேசு. அவரு என் பேரைச் சொன்னா, ஆமான்னு சொல்லிடுவேன். அத உன்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." இவ்வளவுதான் சொன்னார். பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்து மாமியார் கையில் கொடுத்தார்.

அவர் போனதும் மாமியாரைப் பார்த்தேன். வாயில் முத்து உதிராது என்று சொன்ன அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் ஏஜெண்ட் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். தெருப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். சிவப்புப் பட்டனை அமுக்கினான். "பேசு" என்று கை காட்டினான்.

பேசினேன். "நாங்க நல்லாக்கிறோம். பொண்ணு பள்ளிக்கூடம் போவுது. அத்தைக்கு மூட்டு வலி. எஸ்டேட்ல வேல இருக்குது, சோத்துக்குக் கவல இல்ல. ஸ்டார் மேலதான் கீது. நான் இறக்க மாட்டேன். நீங்க வந்துதான் இறக்கணும். எப்ப வந்தாலும் சரி."

நிறுத்தினேன். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் கண்ணாலேயே ஜாடை காட்டினான். நான் குழந்தையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பட்டனை நிறுத்தினான்.

"அத்தச் சொல்லவே இல்லியே!"

"சொல்ல மாட்டேன்."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? உன் புருசன் அங்க செத்தாலும் பரவால்லியா?"

அந்த வார்த்தைக்கு அவனைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. மாமியார்தான் எழுந்து வந்தார். "ஏம்பா, நீதானே அவன அனுப்புன? அந்த ஊருல சாமி கும்புடக் கூடாதுன்னு அன்னிக்கு இந்த டேப்புல பேசிட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். அவன் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கேசட் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

அதற்காக நான் விட்டுவிடவில்லை. புதன்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் பழவேற்காடு போனேன். வெள்ளிக்கிழமைகளில் கம்பெனி ஜெயிலுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பும் என்றும், கொண்டுபோவது தானே என்றும் பாய் சொல்லியிருந்தார். காவல்காரன் பக்கத்திலேயே நிற்பான், தமிழ் தெரியாது, ஆனால் ஆள் பேரும் சாமி பேரும் வந்தால் புரிந்துகொள்வான். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாது.

"ஸ்டார் இன்னும் இறக்கலன்னு சொல்லுங்க பாய். அது போதும்."

போதும் என்று எனக்குத் தெரியும். பொங்கல் தாண்டி ஸ்டார் தொங்கினால் நான் தெருவில் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவள், வாயைத் திற என்று சொல்ல மாட்டாள் என்றும் அவருக்குத் தெரியும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாசியில் சிரித்தார்கள். பங்குனியில் கோயில்காரர்களே, "சிஸ்டர், ஈஸ்டர் வருது, அத இறக்குங்க" என்றார்கள். சித்திரை வெயிலில் காத்தாடி பேப்பர் நிறம் வெளுத்து முறுக்கிக்கொண்டு கிழிந்தது. கிடைத்த பேப்பரை வாங்கி நானே ஏணி வைத்து ஏறி ஒட்டினேன். ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டது மாமியார். மூட்டு வலியோடு பிடித்துக்கொண்டு, நான் திட்டுவதைவிட நன்றாகத் திட்டினார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் பழைய வெளுத்த ரோஸ். தினமும் ராத்திரி பல்பைப் போட்டேன். பிள்ளைகள், "டிசம்பர் ஊடு" என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

சில ராத்திரிகளில் அந்த பல்பைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கால் எரியும். தப்பு பண்ணிவிட்டேனோ என்று நினைப்பேன். காலையில் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவேன்.

ஆடி மாதம் பக்கத்து வீட்டு அக்கா பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு, நேர்ந்துகொண்டபடி வேப்பஞ்சேலை கட்டப் போனார். போகிறபோது, "உன் ஊட்டுக்காருக்கும் சேத்துதான் வேண்டிக்கினு போறேன். நீ உன் சாமிய வுட்டுடாத, நான் என் ஆத்தாவப் புடிக்கிறேன். ரெண்டு பக்கமும் இழுத்தா வராமயா போயிடுவாரு?" என்றார். எங்கள் போதகர் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். எனக்கு அன்றைக்கு யார் இழுத்தாலும் சரிதான்.

நோன்பு மாதத்தில் கைதிகளை மன்னித்து விடுவது அந்த நாட்டு வழக்கம். அப்படி விட்ட கூட்டத்தில் இவரையும் சேர்த்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆவணியில் ஒரு நாள், வெயில் சாயும் நேரத்தில் தெரு முனையில் ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கிய ஆளை முதலில் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. பாதி ஆளாகியிருந்தார். ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாமே இது, ஒரு பக்கம் பச்ச, ஒரு பக்கம் செவப்பு? பாக்கவே சகிக்கல," என்றார்.

அத்தனை மாதம் அழாததற்கும் சேர்த்து அன்றைக்குத் தெருவில் நின்று அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அவர் வந்துதான் இறக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அவரால் ஏணி ஏற முடியவில்லை. பாதம் தரையில் பதியவே வலித்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் மூங்கிலையே பிடுங்கி மெதுவாகக் கீழே சாய்த்தோம். அவர் தரையில் உட்கார்ந்தபடி, கம்பி கம்பியாகக் கட்டவிழ்த்தார். பல்பைக் கடைசியாகக் கழற்றினார். இறக்கும்வரை எரிந்திருந்ததால் அதில் இன்னும் சூடு இருந்தது. கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

ஆபத்திலிருந்து தப்பி வந்தவர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். காய்ச்சல் பிழைத்தவர்களே அரை மணி நேரம் சாட்சி சொல்வார்கள். இவர் வந்த அடுத்த ஞாயிறு கோயிலில் உட்கார இடமில்லை. போதகர் மேலே கூப்பிட்டார். இவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நின்றார்.

"ஸ்தோத்திரம். அன்னிக்குப் பாடினது நான் ஒருத்தன்தான். கூட யாரும் இல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இவர் ஒருத்தர் பாடுவதைக் கேட்டவர்கள் அவர்கள். போதகர் கனிவாகச் சொன்னார்: "பயப்படாதீங்க தம்பி. இது நம்ம கோயில். இங்க யாரும் உங்களப் புடிக்க மாட்டாங்க. நடந்தத அப்படியே சொல்லுங்க, கூட இருந்தவங்களுக்காகவும் பேர் சொல்லி ஜெபிப்போம்."

"ஐயா, அவுங்க இன்னும் அங்கதான் இருக்காங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் நானும் கேட்டேன். எனக்கும் சொல்லவில்லை. பாயைத் தவிர மற்றவர்கள் யார், எந்த ஊர், எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. "நான் ஒருத்தன்தான்மே" என்பார், சாகும் வரைக்கும் அதைத்தான் சொன்னார். தேவனுடைய வீட்டில் நின்று அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்கு அவருக்குத் தண்டனை உண்டென்றால் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இதை எழுதுகிறேன் என்றதும் பெயர்களைப் போட்டு எழுது, அப்போதுதான் ஜனங்கள் நம்புவார்கள் என்றாள் என் பெண். என் பெயரைப் போட்டால் அவர் பெயர் தெரியும். அவர் பெயர் தெரிந்தால் கம்பெனி தெரியும், கம்பெனி தெரிந்தால் கேம்ப் தெரியும். அந்தக் கேம்ப் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர் யார் என்று கேட்க ஒரு ஆள் போதும். பாயின் பிள்ளைகள் இப்போதும் அந்த நாட்டில்தான் வேலை செய்கிறார்கள்.